எண்ணெய்க் கறை படிந்த பாடம்



சென்னையிலிருந்து தெற்கு நோக்கி வரும் நெடுஞ்சாலையை உங்களில் பலர் அறிவீர்கள். பெருங்களத்தூர், செங்கற்பட்டு, மதுராந்தகம், அச்சிறுபாக்கம் என்று ஊர் ஊராகக் கடந்து வரும் அச்சாலை, திண்டிவனத்தில் கிளை விடுகிறது. ஒரு கிளை புதுச்சேரிக்குப் போகிறது. மற்றொன்று செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் போகிறது. அடிமரமோ விக்கிரவாண்டியைத் தாண்டி விழுப்புரத்தை அடைகிறது. சாலைகள் கூடும் இடத்தில் வண்டிகள் கூடும். வண்டிகள் கூடும் இடத்தில் பட்டறைகள் கூடும். இவ்விரு ஊர்களிலும் பள்ளிக்குப் போகும் வழியில் ஏதேனும் ஒரு பட்டறையை நீங்கள் நாள்தோறும் கடந்தே செல்கிறீர்கள். செயின் பிளாக்கில் ஓர் எஞ்சின் தொங்கிக்கொண்டிருக்கும். கீழே ஒருவர் எண்ணெய்க் கறை படிந்த கையோடு குனிந்திருப்பார். நீங்கள் பார்ப்பீர்கள், பார்த்துவிட்டுப் போய்விடுவீர்கள்.

அங்கே நடப்பது வெறும் கைவேலையா, கல்வியா? கல்விதான் என்பது என் கட்சி. அதுவும், பழைய கார் ஒன்றின் எஞ்சினையும் கியர் பெட்டியையும் இறக்கி, செப்பனிட்டு, மீண்டும் பொருத்துவது உயர்நிலைப் பள்ளியின் இயற்பியல் பாடம் முழுவதையும் ஒரே இடத்தில் கற்பிக்கும் கல்வி. இதை நான் வாய்ச்சொல்லாகச் சொல்லவில்லை. இந்தச் சாலையோரத்திலேயே பிறந்த ஒரு காரின் கதையைச் சாட்சியாகக் கொண்டு சொல்கிறேன்.

ஒரே எஞ்சின், பல பிறவிகள்

1948-இல் சென்னையில் தொடங்கப்பட்டது ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி. அதன் தாய்க் கம்பெனி இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் இருந்தது. நம் சென்னைக் கம்பெனியின் தொழிற்சாலை இதே நெடுஞ்சாலையில், பெருங்களத்தூர்ப் பகுதியில் இருந்தது. வான்கார்டு, ஸ்டாண்டர்டு ஹெரால்டு முதலிய கார்கள் அந்தக் கம்பெனியின் பெயரில் நம் சாலைகளில் ஓடின. உங்கள் தாத்தாவைக் கேட்டுப் பாருங்கள். ஹெரால்டு காரை அவர் மறந்திருக்க மாட்டார். அதன் முன்மூடி, மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாகச் சாயும். எஞ்சின் முழுவதும் மூன்று பக்கமும் திறந்து கிடக்கும். மெக்கானிக்குக்கு அதைவிட வசதியான கார் அரிது. அந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் இங்கிலாந்தில் 1962-இல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள்.

இனி எஞ்சினுக்கு வருவோம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கவென்ட்ரியில் நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்று உருவாயிற்று. அதில் ஒரு சிறப்பு உண்டு. சிலிண்டரின் உட்சுவர் எஞ்சின் கட்டையிலேயே குடையப்பட்டதன்று. தனியான குழாயாகச் செருகப்பட்டது. குழாயைச் சுற்றிக் குளிர்விக்கும் நீர் நேராகவே தொட்டு ஓடும். இந்தக் குழாயைப் பட்டறைகளில் லைனர் என்பார்கள். தேய்ந்துபோனால் பழையதை உருவிவிட்டுப் புதியதைச் செருகலாம். விட்டம் வேறான லைனரைச் செருகினால் எஞ்சினின் கொள்ளளவே மாறிவிடும்!

கணக்கு நோட்டை எடுங்கள். பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் 92 மில்லிமீட்டர். உருளையின் கன அளவுக்கான வாய்பாடு உங்களுக்குத் தெரியும். விட்டம் 80 மில்லிமீட்டர் என்று வைத்து, நான்கு சிலிண்டர்களுக்கும் கணக்கிடுங்கள்: ஏறத்தாழ 1850 கன சென்டிமீட்டர் வரும். இது ஃபெர்குசன் டி.ஈ. 20 என்னும் சிறிய சாம்பல் நிற டிராக்டரில் இருந்த எஞ்சின். விட்டம் 85 என்று வையுங்கள்: 2088 வரும். இது வான்கார்டு கார். விட்டம் 83 என்று வையுங்கள்: 1991 வரும். இதுதான் 1953-இல் விற்பனைக்கு வந்த டிரையம்ப் டி.ஆர். 2 என்னும் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு லிட்டருக்கு உட்பட்ட பந்தயப் பிரிவில் கலந்துகொள்ள வேண்டுமே! அதற்காகவே விட்டத்தைக் குறைத்தார்கள்.

ஏர் உழுத குடும்பமே பந்தயமும் ஓடியது! முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் டிராக்டர்களில் மாசி ஃபெர்குசன் என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயரின் பாதி, நான் மேலே சொன்ன சாம்பல் நிற டிராக்டரின் வழி வந்ததுதான். ஆகவே, ஸ்போர்ட்ஸ் கார் என்றால் எங்கோ இருக்கும் செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அதன் உள்ளே இருப்பது உங்கள் ஊர் வயலில் ஓடுவதன் உறவுதான்.

பொருந்தாத் திருமணம்

இதே எஞ்சின் மூன்று பத்தாண்டுகள் கழித்து மீண்டும் ஒருமுறை நம்மூரில் தலைகாட்டியது. 1976-இல் இங்கிலாந்தின் ரோவர் கம்பெனி, ஸ்போர்ட்ஸ் கார்களின் சாயலில் ஓர் அழகிய காரை வெளியிட்டது. எஸ்.டி. 1 என்பது அதன் பெயர். 1977-ஆம் ஆண்டின் சிறந்த கார் என்று ஐரோப்பிய நிருபர்கள் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அதன் முதல் எஞ்சின் எட்டு சிலிண்டர் கொண்டது. கொள்ளளவு 3528 கன சென்டிமீட்டர். அந்தக் காரின் உடலை நம் சென்னைக் கம்பெனி வாங்கிவந்து, 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெயரில் வெளியிட்டது. ஆனால் உள்ளே வைத்த எஞ்சின் எது தெரியுமா? நாம் கணக்கிட்ட அதே பழைய 1991 கன சென்டிமீட்டர் எஞ்சின்!

அன்றைய நிலையில் அயல்நாட்டு எஞ்சினை இறக்குமதி செய்வது எளிதன்று. கையில் இருந்ததைக் கொண்டு செய்தார்கள். அவர்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆனால் விளைவு என்ன? உடலின் தோற்றம் தந்த நம்பிக்கையை எஞ்சினால் நிறைவேற்ற முடியவில்லை. விலை அதிகம்; எரிபொருள் செலவும் அதிகம். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் உற்பத்தி நின்றது.

இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. எஞ்சின், கியர் பெட்டி, பின் அச்சு, சக்கரம், வண்டியின் எடை ஆகிய ஐந்தும் ஒரு குடும்பம். ஒன்றை மாற்றினால் மற்றவை கேள்வி கேட்கும். ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். சக்கரத்தின் சுற்றளவு 1.8 மீட்டர் என்றும், பின் அச்சில் வேகம் நான்கில் ஒன்றாகக் குறைகிறது என்றும் கொள்வோம். உச்ச கியரில் கியர் பெட்டி வேகத்தை மாற்றாமல் அப்படியே அனுப்புகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றினால் சக்கரம் 250 சுற்று சுற்றும். வண்டி 450 மீட்டர் நகரும். அதாவது மணிக்கு 27 கிலோமீட்டர். நிமிடத்துக்கு 4800 சுற்று சுற்றக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சின் அங்கே இருந்தால் கணக்குப்படி 129 கிலோமீட்டருக்கு மேல் போகலாம். அதை எடுத்துவிட்டு, 2000 சுற்றுக்கு மேல் போகாத டிராக்டர் எஞ்சினை வைத்தால்? மணிக்கு 54 கிலோமீட்டர்தான்! இழுக்கும் வலிமை எவ்வளவு இருந்தாலும் பயனில்லை. பின் அச்சின் பல் எண்ணிக்கையையும் மாற்றினால்தான் கதை நடக்கும்.

இந்தக் கணக்கைக் காகிதத்தில் போடத் தெரியாத மெக்கானிக் ஒருவர், வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "கிரவுன் பல்லை மாற்றணும்" என்பார். காகிதத்தில் போடத் தெரிந்த நமக்கோ கிரவுன் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அறிவு இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி பள்ளியிலும் மறு பாதி பட்டறையிலும் கிடக்கிறது. என் வருத்தமெல்லாம் இதுதான்.

பிரிப்பது எளிது, சேர்ப்பது?

பிரிப்பதற்குப் பலம் போதும். சேர்ப்பதற்கு அறிவு வேண்டும். எஞ்சினோடு கியர் பெட்டியைச் சேர்க்கும் அந்த ஒரு கட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

எஞ்சினின் கிராங்க் தண்டின் முனையில் கனமான பறக்கும் சக்கரம் இருக்கிறது. அதற்கும் பிரஷர் பிளேட்டுக்கும் இடையில் கிளட்ச் பிளேட் அழுத்திப் பிடிக்கப்படுகிறது. பிளேட்டின் நடுத்துளையில் உள்வரிப் பற்கள் இருக்கும். கியர் பெட்டியிலிருந்து நீளும் தண்டு அந்தத் துளைக்குள் புகுந்து, அதற்கும் அப்பால் கிராங்க் முனையில் உள்ள சிறு புஷ்ஷில் போய் அமர வேண்டும். பிளேட் ஒரு மில்லிமீட்டர் விலகி இருந்தாலும் தண்டு உள்ளே போகாது. ஆகவே பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை முடுக்குவதற்கு முன்பே, பழைய கியர் பெட்டித் தண்டு ஒன்றைச் செருகி மையம் பார்த்துக்கொள்வார்கள். தண்டு கிடைக்காவிட்டால் மரக்கட்டையைக் கடைந்து அதே அளவில் செய்துகொள்வார்கள். இரண்டு அச்சுகள் ஒரே நேர்கோட்டில் அமைவது என்று வடிவியலில் படிக்கிறீர்களே, அது இதுதான்.

தேர்ந்த மெக்கானிக் இங்கே இரண்டு விதிகளைக் கைவிடமாட்டார். முதலாவது, கியர் பெட்டியின் எடையைக் கிளட்ச் பிளேட்டின் மேல் தொங்கவிடக் கூடாது; அடியில் ஜாக்கி கொடுத்துத் தாங்க வேண்டும். தொங்கவிட்டால் பிளேட் வளைந்துவிடும். பிறகு கிளட்ச் ஒருபோதும் முழுமையாக விடுபடாது. இரண்டாவது, இடைவெளி இருக்கும்போது போல்ட்டை முடுக்கி இழுத்துச் சேர்க்கக் கூடாது. போகவில்லை என்றால் ஏதோ காரணம் இருக்கிறது என்று பொருள். காரணத்தைத் தேடாமல் பலத்தைக் காட்டினால் வார்ப்பு உறையின் காது உடையும். சிந்தித்துப் பாருங்கள்: "தடை வந்தால் பலத்தைக் கூட்டாதே, காரணத்தைத் தேடு" என்பது எஞ்சினுக்கு மட்டுமா பொருந்தும்? ஆராய்ச்சிக் கூடத்தில் உள்ள அறிவியலாருக்கும் இதுதானே விதி!

அடுத்தது முடுக்கம். விசையின் திருப்புத்திறன் என்று பத்தாம் வகுப்பில் படிக்கிறீர்கள். விசையை அது செயற்படும் செங்குத்துத் தூரத்தால் பெருக்க வேண்டும். ஒரு போல்ட்டுக்கு 60 நியூட்டன் மீட்டர் முடுக்கம் தேவை என்றால், 30 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் முனையில் 200 நியூட்டன் விசை கொடுக்க வேண்டும். இது சுமார் 20 கிலோகிராம் எடைக்குச் சமம். அதே ஸ்பேனரை நடுவில் பிடித்தால்? 400 நியூட்டன் வேண்டும். குறைவாக முடுக்கினால் போல்ட் கழலும். மிகுதியாக முடுக்கினால் மரை அறுந்துவிடும். சிலிண்டர் தலையை முடுக்கும்போது நடுவிலிருந்து தொடங்கி வெளிப்புறமாக, சிறிது சிறிதாக, இரண்டு மூன்று சுற்றில் முடுக்குவார்கள். ஏன்? ஓரத்தை முதலில் இறுக்கினால் நடுப்பகுதி மேடுதட்டி, கேஸ்கெட் சமமாக அமராது. காற்றும் நீரும் கசியும்.

எல்லாம் முடிந்தபின்னும் உடனே ஸ்டார்ட் செய்துவிட மாட்டார்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எஞ்சினைச் சும்மா சுற்றவிட்டு, எண்ணெய் அழுத்தம் முள்ளில் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். சுழலும் தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்க வேண்டும். படலம் இருக்கும்வரை உலோகத்தை உலோகம் தொடாது. அது இல்லாமல் வேகமாக ஓடினால், நாட்கணக்கில் செய்த வேலை சிறிது நேரத்தில் பாழாகும். பிளக்கைக் கழற்றுவது ஏன் என்று கேட்பீர்கள். சிலிண்டரில் காற்று அழுத்தப்படாதபோது பேரிங்குகளின் மேல் சுமை குறைவு. எண்ணெய் போய்ச் சேரும்வரை அவை பிழைத்திருக்கும். உராய்வு என்ற பாடத்தை இதைவிட அழுத்தமாக யார் நடத்துவார்கள்?

எந்த எஞ்சினை வைப்பது?

பழைய காருக்குப் பழைய எஞ்சினையே சீர்செய்து வைப்பதா, புதிய எஞ்சின் ஒன்றை வாங்கி வைப்பதா? சட்டம் இங்கே குறுக்கிடுகிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவில், பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மனம்போனபடி மாற்றுவதைத் தடை செய்கிறது. 2021-இல் வந்த மத்திய விதிகள், முதற்பதிவு செய்து 50 ஆண்டுகளுக்கு மேற்பட்டு, மூல வடிவம் சிதையாமல் காக்கப்பட்ட வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகள் என்று ஏற்று, தனிப் பதிவெண் வரிசையே தருகின்றன. அடிச்சட்டத்தையோ உடலையோ எஞ்சினையோ பெரிதாக மாற்றிய வண்டிக்கு அந்தச் சலுகை கிடையாது.

சட்டம் இருக்கட்டும், என் கருத்து இதுவே. அன்றாடம் ஓட வேண்டிய வண்டிக்கு எது பாதுகாப்போ அதை முறைப்படி அனுமதி பெற்றுப் பொருத்துங்கள். ஆனால் வரலாற்றுச் சின்னமான வண்டிக்கு அதன் சொந்த எஞ்சினே உரியது. பழைய கோவில் தூண் சிதைந்தால் அங்கே சிமெண்டுக் குழாயை நிறுத்துவோமா? நம் பெருங்களத்தூர்த் தொழிலாளர் கைகள் பூட்டிய எஞ்சின், அவர்கள் வேலையின் கையெழுத்து. தேய்ந்ததைக் கடைந்து, உடைந்ததை வார்த்து, அதையே ஓட வைப்பதுதான் கடினம். அதில்தான் கல்வியும் இருக்கிறது.

"மின்சாரக் கார் வந்துவிட்டதே!"

உங்களில் கெட்டிக்காரர் ஒருவர் இந்நேரம் எழுந்து கேட்பார்: "பெட்ரோல் எஞ்சினின் காலமே முடியப்போகிறது. செத்த மொழியின் இலக்கணத்தை நாங்கள் ஏன் படிக்க வேண்டும்?"

நல்ல கேள்வி. மின்சாரக் காரில் பிஸ்டன் இல்லை; கார்புரேட்டர் இல்லை; உண்மை. ஆனால் மோட்டாரின் தண்டு இருக்கிறது. அதைத் தாங்கும் பேரிங் இருக்கிறது. வேகத்தைக் குறைக்கும் பற்சக்கரம் இருக்கிறது. வெப்பத்தை அகற்றும் ஏற்பாடு இருக்கிறது. குறித்த அளவுக்கு முடுக்க வேண்டிய போல்ட்டுகள் இருக்கின்றன. எஞ்சினைப் பிரித்துச் சேர்த்தவன் கற்பது எஞ்சினை மட்டுமன்று. அளந்து பார்த்தல், வரிசை மாறாமை, கழற்றியதைக் குறித்து வைத்தல், காரணம் தேடுதல் ஆகிய நான்கையும் கற்கிறான். இந்த நான்கும் எந்தக் காலத்திலும் சாகாத மொழி.

மேலும், மின்சாரக் காரின் உள்ளே நடப்பதைக் கண்ணால் காண முடியாது. பழைய எஞ்சினிலோ காரணமும் விளைவும் கண்முன்னே நிற்கின்றன. இந்தப் பல் சுற்றினால் அந்த வால்வு திறக்கிறது. தொடக்கக் கல்விக்குத் திறந்த புத்தகம்தான் ஏற்றது.

ஊருக்கு ஓர் எஞ்சின்

முடிவாக ஒரு யோசனை சொல்கிறேன். திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும், இடையிலுள்ள சிற்றூர்களிலும் உள்ள ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளியும், ஓட முடியாத பழைய எஞ்சின் ஒன்றையும் கியர் பெட்டி ஒன்றையும் பழைய இரும்புக் கடையிலிருந்து வாங்கி, அறிவியல் கூடத்தில் உறுதியான இரும்புச் சட்டத்தின் மேல் பூட்டி வைக்கட்டும். பெட்ரோல் வேண்டாம், நெருப்பு வேண்டாம். கனமான எதையும் மாணவர் தூக்க வேண்டாம். ஆசிரியர் முன்னிலையில் பிரித்துச் சேர்த்தால் போதும். மாதம் ஒருமுறை உள்ளூர் மெக்கானிக் ஒருவரை அழைத்து, தலைமையாசிரியரின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, பாடம் நடத்தச் சொல்லுங்கள். வேலைக்காரராக அன்று, ஆசிரியராக அழையுங்கள். இரு ஊர்களிலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே படிக்கும் அண்ணன்மாரும் அக்காமாரும் வந்து, அவர் கையால் செய்து காட்டியதைக் கணக்கால் விளக்கட்டும். பிளந்து கிடக்கும் இரண்டு பாதிகளும் அன்று ஒன்று சேரும்.

இதற்குத் தடை பணமன்று, மனம். மேல்நிலையில் தொழிற்கல்விப் பிரிவு என்றால் மதிப்பெண் குறைந்தவர் போகும் இடம் என்று நினைக்கிறோம். "படிக்காவிட்டால் பட்டறைக்குத்தான் போகவேண்டும்" என்று பிள்ளைகளை மிரட்டுகிறோம். அந்த மிரட்டலைக் கேட்டு வளர்ந்தவன் பொறியாளன் ஆனாலும் ஸ்பேனரைத் தொடக் கூசுவான். அதே மிரட்டலைக் கேட்டு, சின்ன வயதிலேயே பட்டறைக்குப் போன சிறுவனோ, தனக்குத் தெரிந்தது அறிவே அன்று என்று நம்பிவிடுகிறான். இருவருக்கும் நட்டம், நாட்டுக்கும் நட்டம். மாணவியரே, உங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்பேனரின் நீளம்தான் விசையைப் பெருக்குகிறது என்று மேலே கணக்கிட்டோம். அந்தக் கணக்கில் ஆண், பெண் என்ற எண் எங்கும் வரவில்லை.

நாளை பள்ளிக்குப் போகும் வழியில் அந்தப் பட்டறையின் முன் ஐந்து நிமிடம் நில்லுங்கள். வேலைக்கு இடையூறு செய்யாமல், அவர் நிமிரும் நேரம் பார்த்து, "அண்ணே, இதை ஏன் நடுவிலிருந்து முடுக்குகிறீர்கள்?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை நோட்டில் எழுதிக்கொண்டு வந்து, உங்கள் இயற்பியல் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் அது இருக்கிறது என்று தேடுங்கள். நிச்சயம் இருக்கும்.